‘செத்த காலேஜ்’ எழும்பூர் மியூசியத்துக்குள் நடராஜர் எப்படி வந்தார்?

கொருக்குப்பேட்டைப் பெண்:
எங்கள் ஆயா எழும்பூர் மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றுதான் சொல்லும். போன ஞாயிறு என் ஏழு வயது மகளை அங்கே கூட்டிப்போனேன். திமிங்கில எலும்புக்கூட்டை வாயைப் பிளந்து பார்த்தாள். அப்புறம் நடராஜர் முன்னால் நின்று, “மீன் எலும்பு இருக்கிற இடத்துல சாமி ஏம்மா இருக்கு?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இவையெல்லாம் எப்படி ஒரே வளாகத்துக்கு வந்தன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூர்மார்க்கெட் பழையவர்:
செத்த காலேஜுக்கு ஜோடி ‘உயிர் காலேஜ்’. சென்ட்ரல் பக்கம் மூர்மார்க்கெட்டை ஒட்டி இருந்த மிருகக்காட்சிசாலைதான் அது. வண்டலூருக்குப் போகும்வரை எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயரே கிடையாது.

ஓவிய வாத்தியார்:
உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி, அம்மா. முப்பது வருடம் பள்ளிப் பிள்ளைகளை வரையச் சொல்லி அங்கே கூட்டிப்போனவன் நான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் வந்தது கலை இல்லை, கல். மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி கொடுத்த சுமார் 1,100 பாறை, கனிம மாதிரிகளோடு 1851-இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் இதைத் தொடங்கினார். இடம் நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடம். ‘காலேஜ்’ என்ற சொல் அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டது என்பார்கள். 1854-இல் எழும்பூருக்கு மாறியது. வெள்ளைக்காரர்கள் விருந்தும் நடனமும் நாடகமும் நடத்திய பாந்தியன் மாளிகை அது. பாந்தியன் ரோடு என்ற பெயர் அதனால் வந்ததுதான். பால்ஃபர் அங்கே உயிருள்ள புலி, சிறுத்தையையும் வைத்திருந்தார். அந்த மிருகங்கள் பின்னால் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய்விட்டன. மேலே ஐயா சொன்ன உயிர் காலேஜின் தொடக்கம் அதுதான்.

கலை பெரும்பாலும் மண்ணுக்கடியிலிருந்து வந்தது. 1845-இல் வால்டர் எலியட் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ஆந்திராவில் இருக்கும் அமராவதியின் பழைய புத்த ஸ்தூபியில் தோண்டிய சிற்பங்கள் மெட்ராஸுக்கு வந்தன. அவற்றில் பல லண்டனுக்குக் கப்பலேறிவிட்டன. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரியும். அப்புறம், 1878-இல் புதையல் சட்டம் வந்தது. வயலிலோ கோயில் பக்கத்திலோ குழி தோண்டும்போது செப்புத்திருமேனி கிடைத்தால் கலெக்டருக்குத் தகவல் போகவேண்டும். அப்படிக் கிடைத்தவற்றில் பல எழும்பூருக்கு வந்து சேர்ந்தன. ஒரு காலத்தில் பயந்து யாரோ புதைத்துவைத்த சாமிகள் அவை.

மண்ணிலிருந்து எடுத்தால் மட்டும் பிழைத்துவிடாது. உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பின்மேல் பச்சைப் பொடி பூக்கும். விட்டால் உள்ளே அரித்துக்கொண்டே போகும். இதற்காகவே 1930-இல் அங்கே ஒரு வேதியியல் கூடம் வைத்தார்கள். எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்சாரம் செலுத்தி அந்த அரிப்பை நீக்கினார். நடராஜரைப் பார்ப்பவர்கள் இவர் பெயரையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

வளாகத்தில் சிவப்பாக ஒரு கட்டடம் பார்த்திருப்பீர்களே, ஹென்றி இர்வின் வடிவமைத்தது. 1909-இல் விக்டோரியா நினைவாகத் திறந்தார்கள். மியூசியத்தின் நூற்றாண்டான 1951-இல் நேரு வந்து அதைத் தேசிய கலைக்கூடமாகத் திறந்துவைத்தார். ரவிவர்மா படங்கள் எல்லாம் அங்கே இருந்தவைதான். நடுவில் பல வருடம் அது பூட்டிக் கிடந்ததில் எனக்குப் பெரிய வருத்தம்.

கொருக்குப்பேட்டைப் பெண்:
ரொம்ப நன்றி ஐயா. மறுபடி போனால் அவளுக்கு முதலில் எதைக் காட்டட்டும்?

ஓவிய வாத்தியார்:
வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போங்கள். அமராவதிப் பகுதியில் வட்டமாக ஒரு சிற்பம், நளகிரி யானை. ஒரு பக்கம் மதம் பிடித்துத் தெருவில் ஆளை மிதிக்கிறது; அதே யானை அடுத்த பக்கம் புத்தர் முன்னால் மண்டியிடுகிறது. அந்தச் சிற்பத்துக்குள் மாடியிலிருந்து எட்டிப்பார்ப்பவர்களை அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் திருவெண்காட்டு அர்த்தநாரி. சிவன் பாதிக்கு இரண்டு கை, அம்மன் பாதிக்கு ஒரு கை. அதைச் சொல்லாதீர்கள், எண்ணச் சொல்லுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் மறக்காமல் எடுத்துப்போங்கள்.