2038 தேதிச் சிக்கல்: ஒய்2கே திரும்ப வருதா?

கேள்வி: ஒய்2கே-ல (2000-ஆம் ஆண்டு தேதிக் கோளாறு) ஆண்டுக்கு ரெண்டு இலக்கம்தான். இப்போ 32 பிட் நேரம்: 1970-லிருந்து எண்ற வினாடிக் கணக்கு 2038 ஜனவரில நிரம்பிடும். இதுக்கு முன்னாடியும் இப்படி நடந்திருக்கா? பழைய 32 பிட் லினக்ஸ் போர்டுல எதைச் சோதிக்கணும்?

பதில் 1: 1975-லேயே நடந்தாச்சு. பிடிபி-10-ங்கிற பழைய கம்ப்யூட்டர்ல ஓடின டாப்ஸ்-10 இயங்குதளம், தேதியை 12 பிட்ல அடக்கிச்சு. 1964-லிருந்து கணக்கு, எல்லா மாசத்துக்கும் 31 நாள், ஆக வருஷத்துக்கு 372. 12 பிட்டோட உச்சம் 4095. 11 வருஷத்துக்கே 4092 போயிடும், மிச்சம் 3. ஜனவரி 1-க்கு 0-ன்னு எண்ணுறதால 1975 ஜனவரி 4-தான் கடைசித் தேதி. இடத்தை மிச்சம் பிடிக்கிறேன்னு போய் மாட்டுறது, அதே கதைதான்.

பதில் 2: ஜிபிஎஸ்ஸை விட்டுட்டீங்க. வார எண் 10 பிட், 1024 வாரத்துல பூஜ்ஜியமாயிடும். 1999 ஆகஸ்ட், 2019 ஏப்ரல்னு ரெண்டு தடவை ஆயாச்சு.

பதில் 3: போர்டு விஷயத்துக்கு வரேன். கர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) 5.6 அல்லது அதுக்கு மேல, ஜிலிப்சி (புரோகிராம்கள் நம்பியிருக்கிற அடிப்படை லைப்ரரி) 2.34 அல்லது அதுக்கு மேல இருக்கணும். அது மட்டும் போதாது. 64 பிட் நேர விருப்பத்தைக் கொடுத்து புரோகிராமை மறுபடி கம்பைல் பண்ணணும். லைப்ரரிகளையும் சேர்த்தே பண்ணுங்க. ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசுன்னு கலந்தா ஸ்ட்ரக்சர் (டேட்டாவை அடுக்கி வைக்கிற அமைப்பு) அளவு மாறி டேட்டா குழம்பும். இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்துல ஐநோடு (ஒரு ஃபைலோட விவரக் குறிப்பு) 128 பைட்டா இருந்தா ஃபைல் தேதியும் 2038-ல நின்னுடும், 256 வேணும். மையெஸ்கியூஎல் டேட்டாபேஸ்ல டைம்ஸ்டாம்ப் வகை நெடுவரிசையை டேட்டைம் வகையா மாத்துங்க. கடைசியா, நெட்வொர்க் நேரத்தை நிறுத்திட்டு கடிகாரத்தை 2038 ஜனவரி 19 காலை 8:44-க்கு வைங்க, இந்திய நேரப்படி. 8:44:07 தாண்டினதும் லாக்ல 1901 வந்தா, அந்த புரோகிராம்தான் குற்றவாளி.