கீபேட் இக்னிஷன் லாக்: ரகசிய எண் (கோடு) சரி, செல்ஃப் சுற்றுது, இன்ஜின் மட்டும் பிடிக்கல

காட்பாடி_800:
வண்டி 2003 மாருதி 800, எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை). சில சமயம் காட்பாடி ஸ்டேஷன் வெளியே இரண்டு மூன்று நாள் நிற்கும். சாவி இருந்தாலும் ரகசிய எண் போட்டால்தான் கிளம்ப வேண்டும் என்று ஒரு போர்டு போட்டிருக்கிறேன். ஆர்டுயினோ நானோ (புரோகிராம் போடும் சின்ன கன்ட்ரோலர் போர்டு), 4x4 ஒட்டும் கீபேட், 16x2 எல்சிடி, நீல நிற 5 வோல்ட் ரிலே மாட்யூல். சப்ளை ரேடியோ வயரிலிருந்து நேராக நானோவின் வின் பின்னுக்கு (சப்ளை நுழையும் முனை). ரிலே இக்னிஷன் வயரை வெட்டுகிறது.

கோடு போட்டதும் ரிலே டக்கென்று பிடிக்கிறது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிப்பதில்லை. சாவியை விட்டதும் எல்சிடி மறுபடி கோடு கேட்கிறது. டேபிளில் அடாப்டரில் எல்லாம் சரியாக ஓடுகிறது. தப்பு எங்கே? வெட்ட வேண்டிய வயர் எது?

வயரிங்_சத்துவாச்சாரி:
தப்பு ரேடியோ வயரில். சாவி ஸ்டார்ட்டுக்குப் போகும்போது ஏசிசி லைன் (ரேடியோ போன்ற துணைக் கருவிகளுக்கான சப்ளை) செத்துவிடும். பேட்டரி முழுவதும் செல்ஃபுக்குப் போகட்டும் என்று சுவிட்ச்சையே அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஏசிசி போனதும் நானோ அணைகிறது, ரிலே விடுகிறது, இக்னிஷன் கட். செல்ஃப் சும்மா சுற்றுகிறது. சாவியை விட்டதும் ஏசிசி திரும்பி வருகிறது, போர்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

மல்டிமீட்டரை வைத்து, 'ஆன்' நிலையிலும் 'ஸ்டார்ட்' நிலையிலும் விடாமல் வோல்ட் காட்டும் வயரைத் தேடுங்கள். அதுதான் இக்னிஷன் லைன். அதிலிருந்து 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு எடுங்கள். பேட்டரியிலிருந்து நேராக எடுக்காதீர்கள். நானோ சும்மா இருந்தாலே 20 மில்லி ஆம்பியர் குடிக்கும், ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட அரை ஆம்பியர்-அவர். ஸ்டேஷனில் நாள்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அது வேண்டாத செலவு.

அடுத்தது, இக்னிஷன் வயரை வெட்டும் யோசனையையே விட்டுவிடுங்கள். ஏலகிரி 14 கொண்டை ஊசியில் இறங்கும்போது போர்டு ஒரு நொடி ரீசெட் ஆனால் இன்ஜின் நிற்கும். பிரேக் பூஸ்டருக்கு வாக்குவம் வராது, இரண்டு மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். திருடனைத் தடுக்கப் போய் உயிரை வைக்கக் கூடாது. வெட்ட வேண்டியது செல்ஃப் சோலனாய்டுக்கு (செல்ஃப் மோட்டாரை இயக்கும் காந்த சுவிட்ச்) போகும் சிக்னல் வயர். சாவி ஸ்டார்ட்டில் இருக்கும்போது மட்டும் 12 வோல்ட் வரும் வயர் அது. அங்கே போர்டு செத்தாலும் ஓடுகிற வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

நீல ரிலே 10 ஆம்பியர் வகை. சோலனாய்டு இழுக்கும் கணத்தில் அதற்கு மேல் போகும், காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். ஹெட்லைட்டுக்குப் போடுகிற 30 ஆம்பியர் கட்டை ரிலே வாங்குங்கள். வெட்டிய வயரின் சாவிப் பக்கம் ரிலேயின் 30 என்ற முனையில், சோலனாய்டு பக்கம் 87 என்ற முனையில், கிரிம்ப் லக் (நசுக்கி மாட்டும் உலோக முனை) போட்டு. முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் இந்த வேலைக்கு ஆகாது. முடித்ததும் ஒருவர் செல்ஃப் அடிக்க, 30-க்கும் 87-க்கும் நடுவே மீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் தாண்டினால் லக்கைத் திரும்ப அடியுங்கள்.

பாலாறு_எலக்ட்ரானிக்ஸ்:
மேலே சொன்னது சரி. ஆனால் செல்ஃபை மட்டும் வெட்டினால், சரிவில் விட்டு இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டு ஸ்டார்ட் பண்ணிவிடலாம். பெட்ரோல் பம்ப் வயரையும் வெட்டினால் அது நடக்காது. பம்பை நானோவின் கையில் கொடுத்தால் ஓட்டத்தில் நிற்கும் ஆபத்து திரும்ப வரும். இதற்கு வழி, ஞாபகத்தை நானோவிடம் வைக்காமல் ரிலேயிடமே வைப்பது.

மூன்று ரிலே. முதலாவது 12 வோல்ட் காயில் உள்ள நீல ரிலே (காயில் 400 ஓம், 30 மில்லி ஆம்பியர்). அதன் பொது முனையில் இக்னிஷன் லைன். என்ஓ முனையிலிருந்து (ரிலே பிடித்தால் மட்டும் பொது முனையோடு சேரும் முனை) ஒரு 1என்4007 டையோடு வழியாக அதன் சொந்தக் காயிலுக்கே திரும்பக் கொடுங்கள். நானோ தரும் பல்ஸ் இன்னொரு 1என்4007 வழியாக அதே காயில் முனைக்கு வரட்டும். காயிலின் மறுமுனை எர்த். கோடு சரியானதும் 200 மில்லி செகண்ட் பல்ஸ் போதும்; ரிலே தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும், சாவி ஆஃப் ஆகும் வரை விடாது. இந்த என்ஓ முனைதான் செல்ஃப், பம்ப் இரண்டின் கட்டை ரிலே காயிலுக்கும் சப்ளை. இதற்குப் பிறகு நானோ ரீசெட் ஆனாலும் கவலை இல்லை. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 7 வோல்ட்டுக்கு இறங்கினாலும் ஏற்கெனவே பிடித்த ரிலே விடாது.

பல்ஸுக்கு: நானோ பின், 10கே ரெசிஸ்டர், பிசி547 டிரான்சிஸ்டர், அதன் கலெக்டரிலிருந்து 4.7கே வழியாக பிசி557 டிரான்சிஸ்டரின் பேஸ்; பிசி557-ன் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 10கே. அந்த எமிட்டர் இக்னிஷன் லைனில், அதன் கலெக்டர்தான் பல்ஸ். ஒவ்வொரு காயிலின் குறுக்கேயும் ஒரு 1என்4007, வெள்ளிப் பட்டை உள்ள பக்கம் பிளஸ்ஸுக்கு. பிசி547-ஐ வைத்து கட்டை ரிலேயை நேராக ஓட்டாதீர்கள். அந்தக் காயில் சுமார் 140 மில்லி ஆம்பியர், பிசி547 தாங்குவது 100.

வின் பின்னில் நேரடி 12 வோல்ட்டும் வேண்டாம். மலிவு நானோவில் இருக்கும் 1117 ரெகுலேட்டரின் எல்லை 15 வோல்ட். ஆல்டர்னேட்டர் சாதாரணமாகவே 14.4 தருகிறது, ஓடும்போது பேட்டரி டெர்மினல் லூஸ் ஆனால் அதைப் போல பல மடங்கு பாயும். எல்எம்2940 என்ற 5 வோல்ட் ரெகுலேட்டர் போடுங்கள், கார் வேலைக்கென்றே செய்தது, தலைகீழ் பேட்டரியையும் தாங்கும். அவுட்புட்டில் 22 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி கட்டாயம், இல்லையென்றால் ஆசிலேட் ஆகும் (வோல்ட் நிலையில்லாமல் ஆடும்). முன்னால் திடீர் வோல்ட்டை அடக்க ஒரு 1.5கேஇ27ஏ டையோடு.

கீபேட்_பாகாயம்:
எல்சிடியை எடுத்துவிடுங்கள். சாதாரண 16x2-க்கு 50 டிகிரிதான் எல்லை, கத்திரி வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் அதைத் தாண்டிவிடும். இரண்டு எல்இடி, ஒரு பஸ்ஸர் போதும். ஒட்டும் கீபேடின் பசையும் அந்தச் சூட்டில் இளகி ஓரம் தூக்கும், உலோக 4x3 போடுங்கள். மின்தேக்கிகள் 105 டிகிரி வகை.

எண் விஷயம். நான்கு இலக்கம் என்றால் 10,000 வாய்ப்பு. ஐந்து தப்புக்கு 10 நிமிடம் பூட்டினால், முழுவதும் முயல இரண்டு வாரம் ஆகும். ஆனால் நான்கு பட்டன் மட்டும் தேய்ந்து பளபளத்தால் மிச்சம் 24 வாய்ப்புதான், 40 நிமிடத்தில் திறந்துவிடலாம். ஆறு இலக்கம் வையுங்கள், மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

தப்பு எண்ணிக்கையை ஈஈப்ராமில் (சப்ளை போனாலும் அழியாத மெமரி) எழுதுங்கள், அதுவும் கோடைச் சரிபார்ப்பதற்கு முன்பே. பிறகு எழுதினால், சாவியை அணைத்துப் போட்டு எண்ணிக்கையை ஏமாற்றலாம். ஒரு இடத்தில் 1,00,000 முறை எழுதலாம். நாளைக்கு 20 முறை என்றாலும் 13 வருஷம் தாங்கும்.

ரிலேக்கள் கீபேட் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. பெட்டியை உடைத்து 30-ஐயும் 87-ஐயும் ஒரு துண்டு வயரால் சேர்த்தால் முடிந்தது கதை. டேஷ்போர்டுக்குள் தள்ளி, எல்லாம் ஒரே கறுப்பு வயரில். இன்ஷூரன்ஸ் கேட்பவர்களுக்கு: ஏஆர்ஏஐ (வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனம்) அங்கீகாரம் பெற்ற கருவிக்குத்தான் ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதம்) பிரீமியத்தில் தள்ளுபடி. கையில் செய்த போர்டுக்குக் கிடையாது.

காட்பாடி_800:
இக்னிஷன் லைனுக்கு மாற்றியதும் பழைய போர்டே முதல் தடவையில் பிடித்தது. மூன்று ரிலே முறைக்கே போகிறேன். ஒரு சந்தேகம்: ராத்திரி பள்ளிகொண்டா டோல் தாண்டி நிற்கும்போது நானோ செத்துப்போனால்?

பாலாறு_எலக்ட்ரானிக்ஸ்:
நானோ பல்ஸ் வரும் டையோடுக்கு முன்னால், இக்னிஷன் லைனிலிருந்து ஒரு சின்ன புஷ் பட்டன் போட்டு விடுங்கள். ஒரு அமுக்கு போதும், ரிலே தானாகப் பிடித்துக்கொள்ளும். சுவிட்ச் போல நிற்கும் பட்டன் வேண்டாம், மறந்து ஆனில் விட்டால் பூட்டே இல்லாமல் போகும். சீட்டுக்கு அடியில் எல்லாரும் தேடுவார்கள், வேறு இடம் பாருங்கள். எந்த இடம் என்று இங்கே எழுதாதீர்கள்.