தேசிய அணிக்கு ஆளை அனுப்ப மாட்டேன் என்று கிளப் சொல்லலாமா?

நீலச்சட்டை_சென்னை:
என் மச்சான் வேலை விஷயமாகக் கொல்கத்தாவில் இருக்கிறார், அந்த ஊர்க் கால்பந்து கிளப் மோகன் பகான் மேல் பைத்தியம். 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் இந்திய அணிக்குப் பயிற்சியாளர் ஆனதும் பெங்களூரில் முகாம் போட்டார். மோகன் பகான் தன் ஆட்களை அனுப்பவில்லை. அன்று ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. "அது எங்கள் உரிமை" என்கிறார். இந்தியச் சட்டைக்கு மேல் ஒரு கிளப்புக்கு என்ன உரிமை? 2023 ஆசிய விளையாட்டில், ஹாங்ஜோவில் சீனாவிடம் 5-1 என்று வாங்கியதும் இந்தக் கிளப்புகளால்தானே? விதி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டுவதற்கு மட்டும் யாரும் வர வேண்டாம், அதற்கு மச்சான் இருக்கிறார்.

கோல்போஸ்ட்_குமரன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆள் அனுப்பாத கிளப்புக்கு லீகில் ஆறு புள்ளியைக் குறைத்தால் அடுத்த முறை வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். எல்லாம் பணத் திமிர்.

பழைய_லெஃப்ட்பேக்:
குமரன், எந்த விதியை வைத்துக் குறைப்பீர்கள்? நாட்டு அணிகள் ஆட உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா ஒதுக்கும் நாட்கள்தான் ஃபிஃபா விண்டோ. அதற்குள் நாடு கூப்பிட்டால் கிளப் மறுக்க முடியாது. உலகக் கோப்பை, ஆசியக் கோப்பை போன்றவற்றுக்கும் அப்படியே. அதற்கு வெளியே கிளப் மனசு வைத்தால்தான் உண்டு. 2025 செப்டம்பர் விண்டோ 1 முதல் 9 வரை. முகாம் ஆகஸ்ட் 15க்கே தொடங்கிவிட்டது. ஆக, சட்டப்படி உங்கள் மச்சான் சொல்வது சரி. 2008இல் பார்சிலோனா கிளப்பும் இப்படித்தான் வழக்குப் போட்டது. மெஸ்ஸியை பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு அனுப்பக் கட்டாயமில்லை என்று தீர்ப்பும் வந்தது. ஜெயித்த பிறகு அதன் பயிற்சியாளர் கார்டியோலாவே போய்விட்டு வா என்று விட்டுவிட்டார். அர்ஜென்டினா தங்கம் வாங்கியது.

ஹாங்ஜோ கதை வேறு. அதில் என் கோபமெல்லாம் தேதி குறித்தவர்கள் மேல்தான். 2022இல் நடக்க வேண்டிய ஆசிய விளையாட்டு தள்ளிப்போனது. புதுத் தேதி ஒரு வருஷத்துக்கு முன்பே எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் சீனாவுடன் ஆட்டம் செப்டம்பர் 19, நம்ம கிளப்புகள் ஆடும் ஐ.எஸ்.எல். லீக் தொடக்கம் 21! இடையில் விளையாட்டு அமைச்சகம், ஆசியாவில் முதல் 8 இடத்துக்குள் இருக்கும் அணியைத்தான் அனுப்புவோம் என்று நின்று, ஜூலைக் கடைசியில்தான் இறங்கி வந்தது. அதற்கப்புறம் கிளப் கிளப்பாகக் கெஞ்சல். அப்போதைய பயிற்சியாளர் ஸ்டிமாச் கேட்ட அணி ஒன்று, கையில் கிடைத்தது வேறு. முந்தின நாள்தான் போய் இறங்கினார்கள். அப்படியும் குர்மீத் ஒரு பெனால்டியைத் தடுத்தார், இடைவேளைக்குச் சற்று முன் ராகுல் கே.பி. 1-1 ஆக்கினார். அந்தக் கோலை நான் இன்னமும் போட்டுப் பார்ப்பதுண்டு. இரண்டாம் பாதியில் யாருக்கும் கால் ஓடவில்லை. 39 வயது சேத்ரி ஏறக்குறைய முழு ஆட்டமும் ஆட வேண்டியிருந்தது.

இன்னொன்று, இது பட்டவனுக்குத்தான் தெரியும். நான் சென்னை லீகில் ஒரு ஆபீஸ் டீமுக்கு ஆடியவன். சந்தோஷ் டிராஃபி முகாமில் முழங்கால் லிகமென்ட் அறுந்தது. மாநிலத்துக்காக ஆடப் போனவனுக்கு முகாம் நடத்தியவர்கள் ஆட்டோ காசுகூடத் தரவில்லை. ஸ்கேன், ஆபரேஷன், ஆறு மாத லீவு எல்லாம் ஆபீஸ் தலையில். மறு வருஷம் எங்கள் ஸ்டாப்பரைக் கேட்டு ஆள் வந்தபோது, "பையனுக்குக் கடும் காய்ச்சல்" என்று மேனேஜர் கடிதம் எழுதிக் கொடுத்தார். பையன் பக்கத்தில் நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான்.

ஐரோப்பாவிலும் இதே சண்டைதான். 2004இல் மொராக்கோவுக்கு ஆடப் போன உல்மர்ஸ் காயத்தோடு திரும்பினார் என்று அவருடைய பெல்ஜியம் கிளப் ஃபிஃபா மேலேயே கேஸ் போட்டது. கடைசியில் ஃபிஃபா பணம் தர ஒத்துக்கொண்ட பிறகுதான் சமரசம். 2022 உலகக் கோப்பைக்கு ஆள் கொடுத்த கிளப்புகளுக்கு 20.9 கோடி டாலர் பிரித்துக் கொடுத்தார்கள். விண்டோவில் நாட்டுக்காக ஆடிக் காயம்பட்டு 28 நாளுக்கு மேல் படுத்தால் சம்பளத்தையும் ஃபிஃபா ஏற்கிறது, ஒருவருக்கு 75 லட்சம் யூரோ வரை. 2023 நவம்பரில் ஸ்பெயினுக்கு ஆடி பார்சிலோனா ஆட்டக்காரர் கவிக்கு முழங்கால் போனதே, அப்படிப்பட்ட கேஸ்களுக்குத்தான். மோகன் பகான் சொன்ன காரணமும் இதுதான்: தன் கேப்டன் சுபாசிஷ் போஸ் இந்தியாவுக்கு ஆடிக் காயப்பட்டார், இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று.

நீலச்சட்டை_சென்னை:
அண்ணே, காயம் விஷயம் புரிகிறது. ஆனால் அந்த ஆகஸ்டில் ஐ.எஸ்.எல். நடக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. நம்ம சென்னையின் எஃப்.சி. எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தது. லீகே இல்லாதபோது ஆளை எதற்குப் பிடித்து வைக்க வேண்டும்?

ஹௌரா_மச்சான்:
லிங்க் அனுப்பினால் வராமல் இருப்பேனா மாப்பிள்ளை? ஆகஸ்ட் 17 டூரண்ட் கோப்பை காலிறுதி, எதிரே அதே ஊர் ஈஸ்ட் பெங்கால். டெர்பிக்கு இரண்டு நாள் முன்னால் எந்தக் கிளப் ஆளை அனுப்பும்? செப்டம்பர் 16 ஆசிய சாம்பியன்ஸ் லீக் டூ ஆட்டம் வேறு.

பழைய_லெஃப்ட்பேக்:
வாங்க மச்சான். டெர்பி நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் 2-1 என்று தோற்று டூரண்ட் கோப்பையிலிருந்து வெளியே வந்தாயிற்றே. மத்திய ஆசிய நாடுகளின் காஃபா நேஷன்ஸ் கோப்பையில் இந்தியாவுக்குத் தஜிகிஸ்தானுடன் முதல் ஆட்டம் ஆகஸ்ட் 29. 18ஆம் தேதி அனுப்பியிருந்தால் அந்தப் பையன்கள் ஈரானோடும் ஓமானோடும் நிஜ ஆட்டம் ஆடியிருப்பார்கள். இங்கே இருந்து பிராக்டிஸ் பண்ணி, செப்டம்பர் 16 சொந்த மைதானத்தில் துர்க்மெனிஸ்தான் கிளப் அஹாலிடம் 1-0 என்று தோற்றதுதான் மிச்சம். அங்கே அவர்கள் இல்லாமலேயே இந்தியா ஓமானைப் பெனால்டியில் சாய்த்து மூன்றாம் இடம் பிடித்தது.

ஹௌரா_மச்சான்:
18ஆம் தேதி போய் இன்னொருவருக்கு முழங்கால் போனால்? விண்டோவுக்கு வெளியே ஃபிஃபா பணமும் கிடையாது. யார் தருவார்?

பழைய_லெஃப்ட்பேக்:
கூட்டமைப்புதான் தர வேண்டும். விண்டோவுக்கு வெளியே முகாம் போட்டால் அத்தனை பேருக்கும் இன்சூரன்ஸ் எடுத்து, பாலிசி நகலைக் கூப்பிடும் கடிதத்தோடு சேர்த்துக் கிளப்புக்கு அனுப்பட்டும். அதற்கப்புறமும் காய்ச்சல் கடிதம் வந்தால் குமரன் சொன்ன ஆறு புள்ளியைக் குறைக்க நானே கை தூக்குகிறேன்.