மலாவி கிராமத்தில் ஓராண்டு, இரண்டு குழந்தைகளுடன்: வீட்டை எப்படி நடத்துவது?

தும்பைப்பூ:
வணக்கம். ஆப்பிரிக்க நாடான மலாவியின் டெட்சா மாவட்டத்தில் ஒரு கிராமத்து மருத்துவமனையில் என் கணவர் ஓராண்டு தன்னார்வப் பணி செய்யப் போகிறார். ஜூன் மாதம் குடும்பத்தோடு கிளம்புகிறோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4 வயது, அவள் எடை 17 கிலோ. தரப்போகும் வீட்டில் மின்சாரம் கிடையாது. தண்ணீர் பொதுக் கைப்பம்பில்தான் எடுக்க வேண்டுமாம். சமையல், தண்ணீர், மலேரியா, குழந்தைகளின் படிப்பு பற்றி, அங்கே குடும்பம் நடத்தியவர்கள் விவரமாகச் சொன்னால் பெட்டி கட்ட உதவும்.

சோளக்கொல்லை:
முதலில் தண்ணீர். நான்கு பேருக்குக் குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க ஒரு நாளைக்கு குறைந்தது 100 லிட்டர் வேண்டும். அதாவது 20 லிட்டர் கேன் ஐந்து. ஆழ்துளைக் கைப்பம்பின் வாயில் வரும் தண்ணீர் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். அழுக்கேறுவது கேனிலும், கையை விட்டு மொள்ளும் வாளியிலும்தான். அதனால் குடிநீருக்குத் தனியாக, மூடியும் குழாயும் உள்ள வாளி ஒன்று வையுங்கள். குடிநீர், குமிழி தளதளவென்று எழும்பி ஒரு நிமிடம் கொதித்தால் போதும். விறகு இல்லாத நாளில் கடையில் விற்கும் குளோரின் திரவத்தை அட்டையில் உள்ள அளவுப்படி ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் விட்டுக் குடியுங்கள். கேனின் உட்புறத்தையும் வாரம் ஒருமுறை குளோரின் தண்ணீரால் குலுக்கிக் கழுவ வேண்டும்.

டெட்சா ஊர் ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பயறு எளிதில் வேகாது. பிரஷர் குக்கர் கட்டாயம். கேஸ்கெட் இரண்டு, பாதுகாப்பு வால்வு இரண்டு கூடுதலாக எடுத்துப் போங்கள். உங்கள் குக்கருக்குப் பொருந்தும் உதிரி அங்கே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

பருப்புக்குக் கவலை இல்லை. மலாவியின் தெற்கு மாவட்டங்களில் துவரை நிறைய விளைகிறது, இந்தியாவுக்கும் ஏற்றுமதியாகிறது. 'நந்தோலோ' என்று கேளுங்கள். உடைக்காத முழுத் துவரை, எட்டு மணி நேரம் ஊற வேண்டும். கேழ்வரகுக்கு 'மவெரே'. டெட்சா பக்கம் உருளைக்கிழங்கும் பீன்ஸ் கொட்டையும் தாராளம். பூசணி இலை, தண்டுக்கீரை எல்லாம் மழைக்காலத்தில் குவியும். உளுந்து, கடுகு, பெருங்காயம் மட்டும் சுமார் 85 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் லிலோங்வேயில், இந்தியர் கடைகளில் வாங்க வேண்டும். ஜூன், ஜூலையில் இரவுக் குளிர் கடுமை, இட்லி மாவு பொங்காது. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, வெந்நீர் பாட்டிலோடு மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.

நீங்கள் போகும் நேரம் அறுவடை முடிந்த நேரம். மக்காச்சோளமும் பயறும் மலிவாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை விலை ஏறிவிடும். மூட்டையைச் சும்மா கட்டி வைத்தால் வண்டு பொடியாக்கிவிடும். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் உறை உள்ள 'பிக்ஸ்' பை கேட்டு வாங்குங்கள். நன்றாகக் காய்ந்த தானியத்தைக் கொட்டி, காற்றை அமுக்கி வெளியேற்றி, ஒவ்வொரு உறையையும் முறுக்கித் தனித்தனியாகக் கட்ட வேண்டும். காற்று இல்லாமல் வண்டு செத்துவிடும், மருந்தே தேவையில்லை. ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். எலி ஓட்டை போட்டால் பை வீண், பலகை மேல் வையுங்கள்.

இன்னொன்று: குளிருக்காகக் கரி அடுப்பை ஒருபோதும் படுக்கை அறைக்குள் வைக்காதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது.

வேப்பங்கொழுந்து:
தங்கை, மலேரியாவைப் பற்றி மட்டும் நீளமாக எழுதுகிறேன். மேட்டு நிலம், குளிர் என்று அசட்டையாக இருக்க வேண்டாம், மலாவி ஏரிக்கரைப் பக்கம் இறங்கினால் கொசு அதிகம். குழந்தைகளுக்குத் தடுப்பு மாத்திரை எது என்பதை இங்கேயே பயண மருத்துவரிடம் முடிவு செய்யுங்கள். அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் 11 முதல் 20 கிலோ வரை குழந்தைகளுக்கான மாத்திரை தினம் ஒன்று, கிளம்ப ஒன்றிரண்டு நாள் முன்பே தொடங்கி, திரும்பிய பின் 7 நாள் வரை. பாலோடோ சாப்பாட்டோடோ கொடுத்தால்தான் உடம்பில் சேரும். கொடுத்து ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். டாக்சிசைக்ளின் 8 வயதுக்குக் கீழ் கூடாது.

மாத்திரை போட்டாலும் காய்ச்சல் வந்தால் அன்றே விரல் நுனி ரத்தச் சோதனை. சளிதான், நாளைக்குப் பார்ப்போம் என்பதே குழந்தைகளை ஆபத்தில் தள்ளுகிறது. ஊர் திரும்பிய பின்பும், குறிப்பாக முதல் மூன்று மாதம், எந்தக் காய்ச்சலுக்கும் மருத்துவரிடம் மலாவி போனதைச் சொல்லுங்கள். கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள், சும்மா தொங்கவிட்டால் பயனில்லை.

மலாவி ஏரியில் கரையோரம், நாணல் இருக்கும் ஆழமில்லாத இடத்தில் பிள்ளைகளை இறக்காதீர்கள். நத்தைகளிலிருந்து வரும் பில்ஹார்சியா புழு தோல் வழியே நுழையும். இறங்கிவிட்டால் கடைசியாக நனைந்து 6 முதல் 8 வாரம் கழித்துப் பிராசிகுவான்டெல் என்ற புழு மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். முன்கூட்டியே போட்டால் இளம் புழு சாகாது.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியை இருவருக்கும் முன்னதாகவே போட்டுவிடுங்கள்.

கதிர்வீச்சு:
மின்சாரத்துக்கு: நான்கு 5 வாட் பல்புகள் தலா ஐந்து மணி நேரம் எரிய 100 வாட்-மணி, லேப்டாப் மூன்று மணி நேரத்துக்கு சுமார் 180, இரண்டு போனுக்கு 30. மொத்தம் 310. 100 வாட் சோலார் பேனல் வெயில் நாளில் இதைத் தாங்கும். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்காதீர்கள், சீக்கிரம் கெட்டுவிடும். பேனலை வடக்குப் பார்த்து, 15 டிகிரி சாய்வில் வையுங்கள். நம் ஊர் வழக்கத்தில் தெற்கே திருப்பினால் நட்டம். மழைக்காலத்தில் பாதி கிடைத்தாலே அதிகம், லேப்டாப்பைக் குறையுங்கள். மலாவி பிளக் மூன்று சதுர முள், பிரிட்டன் வகை.

தமிழ்நாட்டுப் பாடநூல்களின் பிடிஎஃப்பை இங்கேயே இறக்கிக்கொள்ளுங்கள். காலையில் வீட்டுப் பாடம், பிறகு பக்கத்துப் பிள்ளைகளோடு விளையாட்டு என்பது ஒத்துவரும். தாத்தா பாட்டிக்கு அங்கே மாலை 4 மணிக்குக் கூப்பிட்டால் இங்கே இரவு 7.30.

சோளக்கொல்லை:
விட்டுப்போனது: போனதும் அழைத்த நிறுவனத்தார் துணையோடு ஊர்த் தலைவரைப் பார்த்து வணங்குங்கள். அங்கே நலம் விசாரிக்காமல் காரியம் பேச மாட்டார்கள். வாசலில் 'ஓடி' என்று குரல் கேட்டால் விருந்தாளி வந்திருக்கிறார் என்று அர்த்தம். சுமார் இரண்டு மீட்டர் சிதென்ஜே துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு வெளியே போங்கள். வாசலில் பணமோ மிட்டாயோ பங்கிடாதீர்கள், உதவி கேட்பவர்களை நிறுவனத்தின் வழியாகவே அனுப்புங்கள்.

தும்பைப்பூ:
எல்லோருக்கும் நன்றி. துணியில் ஈ முட்டையிடும், எல்லாவற்றையும் தேய்க்க வேண்டும் என்கிறார்களே, மின்சாரம் இல்லாமல் எப்படி?

வேப்பங்கொழுந்து:
உண்மைதான், புட்சி ஈ. நிழலில் உலரும் ஈரத்துணியில் முட்டையிடும், புழு தோலுக்குள் போய்க் கொப்புளம் கட்டும். கரி போடும் இஸ்திரிப் பெட்டி அங்கே சந்தையில் கிடைக்கும். உள்ளாடை, இடுப்புப் பட்டி, தையல் மடிப்பு, படுக்கை விரிப்பு ஆகியவற்றை இரு பக்கமும் சூடாகத் தேயுங்கள். தேய்க்க முடியாததை வலை அடித்த ஜன்னல் உள்ள அறைக்குள் உலர்த்துங்கள். கொப்புளத்தின் நடுவே கருந்துளை தெரிந்தால் வாசலினைத் தடித்துப் பூசி மூச்சை அடைத்தால் புழு தலை நீட்டும், அப்போது இரு பக்கமும் மெதுவாக அழுத்தினால் முழுசாக வந்துவிடும். ஊசியால் நோண்டினால் உள்ளே அறுந்து சீழ் பிடிக்கும்.