பெண் க்ளவுன் செத்துப்போச்சு, இப்ப எந்த சைஸ் மீன் வாங்கறது?

உப்புத்தொட்டி: வணக்கம். மூணு வருஷமா ஓசெல்லாரிஸ் க்ளவுன் மீன் (ஆரஞ்சு உடம்புல வெள்ளைப் பட்டை போட்ட சின்னக் கடல் மீன்) ஜோடி வெச்சிருந்தேன். போன ஞாயித்துக்கிழமை ராத்திரி பெருசு, அதாவது பெண், தொட்டியிலிருந்து குதிச்சுச் செத்துப்போச்சு. ஆண் மட்டும் தனியா சுத்துது. கடையில "பெரிய பெண்ணா தர்றேன்"னு சொல்றாங்க, விலையும் கூட. வாங்கலாமா?

மீன்பித்தன்: வாங்குங்க. ஆணுக்குப் பெண்தானே ஜோடி!

பவளப்பாறை: ஐயோ, வாங்காதீங்க. க்ளவுன் கூட்டத்துல பெருசு பெண், அடுத்தது ஆண், மத்ததெல்லாம் ரெண்டுமில்லாத பொடிசுங்க. பெண் போயிட்டா ஆணே பெண்ணாயிடும். ஆணுக்குள்ளேயே முட்டைத் திசுவும் இருக்கு. பெருசு விரட்டி அடக்கற வரைக்கும் அது வளராது. 1977லயே ஹான்ஸ் ஃப்ரிக்கே, சிமோன் ஃப்ரிக்கே 'நேச்சர்' இதழ்ல எழுதியிருக்காங்க. உங்களோடது இந்நேரம் மாற ஆரம்பிச்சிருக்கும். ஒருதடவை பெண்ணானது திரும்ப ஆணாகாது. பெரிய பெண்ணை விட்டீங்கன்னா ஒரே அடுப்படியில ரெண்டு மாமியார்தான்.

உங்க மீன்ல பாதி சைஸ் குஞ்சு ஒண்ணு வாங்குங்க. பண்ணையில பொரிச்சதா கேளுங்க. மண்டபத்துல இருக்கற சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) காரங்களே இதைப் பொரிக்க வெச்சுப் பல வருஷமாச்சு. அப்புறம், முதல்ல தொட்டிக்கு வலை மூடி!

உப்புத்தொட்டி: (12 நாள் கழிச்சு) மூடி போட்டாச்சு, குஞ்சும் வந்தாச்சு. ஆனா பெருசு கிட்ட வந்தாலே சின்னது ஒருபக்கமா சாஞ்சு வெடவெடன்னு நடுங்குது, வலிப்பு மாதிரி. மருந்து ஊத்தவா?

பவளப்பாறை: ஊத்தாதீங்க. அது கும்பிடு. "நீங்கதான் பெரியவங்க"ன்னு ஒத்துக்குது. இரை எடுக்குதா? மூச்சு வாங்குதா? மேல வெள்ளையா சளி?

உப்புத்தொட்டி: சளி இல்ல, மூச்சும் சரி. ஆர்டீமியா (இரையா போடற பொடி உப்புநீர் இறால்) நல்லா சாப்பிடுது. வால் ஓரத்துல லேசா கிழிசல்.

பவளப்பாறை: அது வளந்துடும். கிழிசல் கூடினா, இல்ல மூலையிலேயே ஒடுங்கிக் கிடந்தா, பெருசை சல்லடைப் பெட்டியில ரெண்டு நாள் அடைச்சு வைங்க.

உப்புத்தொட்டி: முட்டை எப்பங்க?

பவளப்பாறை: அவசரப்படாதீங்க. குணம் சீக்கிரம் மாறும், உள்ளுறுப்பு மாற மாசக்கணக்குல ஆகும். சின்னதும் ஆணாகணும். முட்டை வெச்சா ஒரு வாரம் போல ஆகும், இருட்டினப்புறம்தான் பொரியும். அதுவரைக்கும் துடுப்பால விசிறிக் காவல் காக்கறது பெரும்பாலும் அப்பாதான்.

மீன்பித்தன்: நான் சொன்னது தப்புதான். என் தொட்டியில ரெண்டு க்ளவுன் மூணு மாசமா அடிச்சுக்குது. ரெண்டும் ஒரே சைஸ்...

பவளப்பாறை: படத்தோட தனி இழை போடுங்க தம்பி.