ஜூம் செய்தால் மட்டும் படம் இருட்டாக வருகிறதே?

அப்பா 1999-ல் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த ரோல் கேமரா பீரோவில் கிடந்தது. கைக்கு அடக்கமானது, முழு ஆட்டோமேட்டிக், 38–140 மிமீ ஜூம். புது பேட்டரி போட்டதும் லென்ஸ் 'ர்ர்' என்று வெளியே வந்தது. அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். 200 ஐஎஸ்ஓ (ஃபிலிம் வெளிச்சத்தை உணரும் வேகம்) ரோல் போட்டு அக்கா கல்யாணத்தில் எடுத்தேன். பக்கத்தில் நின்று எடுத்தவை பளிச்சென்று இருக்கின்றன. மண்டபத்தின் நடுவிலிருந்து ஜூம் செய்த 11 படங்களும் இருட்டு. தாலி கட்டும் படமும் அதில் போய்விட்டது. கேமரா பழுதா?

பதில் 1

பழுதில்லை தம்பி. 14 வருடம் கலர் லேபில் பிரிண்ட் போட்டவன் நான். முகூர்த்த மாதம் முடிந்தால் இப்படிப்பட்ட ரோல்கள் வரிசையாக வரும்.

லென்ஸைச் சுற்றி எழுதியிருப்பதைப் படியுங்கள். 38–140-க்குப் பக்கத்தில் 4–11 என்பது போல இன்னொரு ஜோடி எண் இருக்கும். 38-ல் துவாரம் எஃப் 4. 140-க்கு நீட்டினால் எஃப் 11. எஃப் எண் கூடக்கூடத் துவாரம் சின்னதாகும். உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். ஃப்ளாஷோ அதே சின்ன ஃப்ளாஷ்தான். 38-ல் ஐந்து மீட்டர் எட்டுகிற ஃப்ளாஷ், 140-ல் இரண்டு மீட்டரைத் தாண்டாது. மண்டபத்தின் நடுவிலிருந்து மேடை எவ்வளவு தூரம்?

அடுத்த முறை 400 ரோல் போடுங்கள். அப்போதும் ஃப்ளாஷ் எட்டும் தூரம் ஒன்றரை மடங்குகூட ஆகாது, அதனால் ஜூமைச் சுருக்கிக்கொண்டு மேடையருகே போங்கள். ரோல் டப்பாவின் மேல் கறுப்பும் வெள்ளியுமாகக் கட்டங்கள் இருக்கிறதே, அதைத் தொட்டுத்தான் கேமரா ஐஎஸ்ஓவைத் தெரிந்துகொள்கிறது. உள்ளே இருக்கும் சின்னச் சின்ன பித்தளை முனைகளை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

பகலில் மர நிழலில் ஜூம் செய்தாலும் இதே கதைதான். அங்கே ஷட்டர் அதிக நேரம் திறந்திருப்பதால் படம் இருட்டாவதற்குப் பதில் ஆடிப்போகும். ஏதாவது தூணில் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துங்கள்.

பதில் 2

அண்ணன் சொன்னதுடன் இன்னொன்று. பஸ் ஜன்னல் கண்ணாடி வழியாக எடுக்கும்போது மலைப் படம் போட்ட பொத்தானை அழுத்திக்கொள்ளுங்கள், ஃபோகஸ் தூரத்தில் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்பி ஃபோகஸ் செய்கிற கேமராக்களில் அது கண்ணாடியில் பட்டே திரும்பிவிடும். வெளியே இருக்கிற மலை கலங்கிப்போகும்.

கேள்வி கேட்டவர்

அண்ணா, அப்பா மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்துச் சொன்னார்: 4–11 என்றேதான் இருக்கிறது! அடுத்த மாதம் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. 400 ரோல் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்த முறை தாய்மாமன் மடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து எடுக்கப் போகிறேன்.