ஏற்காட்டு ஈரத்தில் பழைய 12 போர் ஆட்டோ துப்பாக்கி: காலித் தோட்டா பாதியில் சிக்குகிறது, உதவுங்கள்

நாகலூர் காப்பித்தோட்டம்:

வணக்கம். தாத்தா காலத்து 12 போர் துப்பாக்கி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. பெல்ஜியத்தில் செய்தது. முதுகுப்பக்கம் சதுரமாக நிமிர்ந்து நிற்கும் பழைய ஆட்டோ, அதாவது சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. வாரிசு முறையில் லைசென்ஸ் என் பெயருக்கு மாறிவிட்டது. துப்பாக்கி எண்ணும் வகையும் அதில் சரியாக ஏறியிருக்கின்றன. அதனால் அந்தப் பக்கம் கவலை இல்லை.

தேர்தல் சமயத்தில் வழக்கம்போல ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒரு ஆயுதக் கடையில் வைத்தேன். திரும்ப வாங்கியபோது உள்ளும் புறமும் கெட்டியாக கிரீஸ் பூசியிருந்தது. துருப்பிடிக்காமல் இருக்க அப்படிச் செய்தோம் என்றார்கள். வெளியே தெரிந்ததை மட்டும் துடைத்து எடுத்தேன்.

இப்போது பயிற்சித் தளத்தில் சுட்டால் தோட்டா வெடிக்கிறது, ஆனால் காலித் தோட்டா வெளியே விழுவதில்லை. பக்கவாட்டு வாயில் பாதி வெளியே, பாதி உள்ளே என்று, பேரலின் பின்வாயை மூடும் போல்ட்டில் கடித்துக்கொண்டு நிற்கிறது. சில சமயம் பேரலுக்குள்ளேயே இருந்துவிடுகிறது. தாத்தா வைத்திருந்த கனமான எஸ்.ஜி. தோட்டா (பெரிய ரவை போட்டது) போட்டால் பெரும்பாலும் விழுகிறது. நான் புதிதாக வாங்கிய 28 கிராம் பொடி ரவைத் தோட்டாவில்தான் இந்தத் தொல்லை. ஸ்பிரிங் போய்விட்டதா? தாத்தா இதைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். என் கையில் வந்து கெட்டுவிடக் கூடாது என்பதுதான் என் ஆசை.

ஜங்ஷன் லேத்:

சுடும்போது வரும் வெடிவாயு, அதாவது கேஸ், போகும் துளை அடைத்திருக்கும். பேரலுக்கு அடியில் இருக்கும் சின்னத் துளையை மெல்லிய கம்பியால் குத்தி எடுங்கள், பிஸ்டனில் படிந்த கரியையும் சுரண்டிவிடுங்கள். நண்பர் ஒருவரின் துப்பாக்கியில் அப்படித்தான் சரியாயிற்று.

மிளகுக்கொடி:

பேரலைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் வலுவாக இருப்பதால்தான் இலேசான தோட்டா தள்ள முடியாமல் நிற்கிறது. ஒன்றிரண்டு சுற்று வெட்டிவிட்டால் ஓடும் என்று கேள்விப்பட்டேன்.

ஓய்வுபெற்ற ஆர்மரர், அஸ்தம்பட்டி:

தம்பி, தயவுசெய்து ஸ்பிரிங்கை வெட்ட வேண்டாம். வெட்டினால் பேரல் பின்னால் வந்து மோதும் வேகம் கூடும். முதலில் பேரலுக்கு அடியில் இருக்கும் மர முன்கட்டை பிளக்கும், அப்புறம் உள்ளே இருக்கும் இரும்பும் அடி வாங்கும். லேத் தம்பி சொன்னது கேஸில் ஓடும் துப்பாக்கிக்குச் சரியான யோசனை. ஆனால் இதில் கேஸ் துளையே கிடையாது.

நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் இது ஜான் பிரவுனிங் வடிவமைத்த ஆட்டோ-5 வகை. 1900இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. தோட்டா அடுக்கும் குழாயான மேகசினில் நான்கு தோட்டா, பேரலில் ஒன்று, ஆக ஐந்து. 1998 வரைக்கும் தயாரித்தார்கள் என்றால் எவ்வளவு உறுதியான யோசனை என்று பாருங்கள். அமெரிக்காவில் ரெமிங்டன் மாடல் 11 என்று வந்ததும் இதே அமைப்புதான்.

இது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். சுட்டவுடன் பேரலும் போல்ட்டும் பூட்டிய நிலையிலேயே சேர்ந்து பின்னால் வரும், தோட்டாவின் நீளத்தைவிடக் கூடுதலான தூரத்துக்கு. கடைசிவரை வந்ததும் போல்ட் அங்கேயே நின்றுகொள்ளும். பேரல் மட்டும் முன்னே போகும். அது போகும்போதுதான் காலித் தோட்டா பேரலிலிருந்து உருவிக்கொண்டு வெளியே விழுகிறது. அதன் பிறகு போல்ட் விடுபட்டு அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. பேரல் முழுத் தூரமும் பின்னால் வராவிட்டால் இந்த வரிசை நடுவில் அறுந்துவிடும். உங்களுக்கு நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

பேரலின் வேகத்தை அடக்குவது ஸ்பிரிங் மட்டுமல்ல. மேகசின் குழாயைச் சுற்றி ஒரு வெண்கல உராய்வுத் துண்டு இருக்கும், அதோடு ஒரு பக்கம் சாய்வாகச் சீவிய எஃகு வளையம் ஒன்றும் இருக்கும். சைக்கிள் பிரேக் கட்டை ரிம்மைப் பிடிப்பதுபோல அந்த வெண்கலம் குழாயை இறுக்கிப் பிடிக்கிறது. கனமான தோட்டாவுக்கு, எஃகு வளையம் ஸ்பிரிங்குக்கு முன்னால், சாய்வுப் பக்கம் வெண்கலத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அப்போது பிடி இறுகும். இலேசான தோட்டாவுக்கு அந்த வளையத்தை எடுத்து ஸ்பிரிங்குக்குப் பின்னால், துப்பாக்கியின் உடலோடு ஒட்டிய பக்கம் போட்டுவிட வேண்டும். வெண்கலத் துண்டு முன்னாலேயே இருக்கும். கனமான தோட்டாவுக்கு அமைத்துவிட்டு 28 கிராம் சுட்டால் பிடி அதிகமாகி பேரல் பாதியில் நின்றுவிடும். கிரீஸ் இறுகியிருந்தால் இன்னும் மோசம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், காலைக் குளிரில் அது மெழுகாகிவிடும்.

ஒன்று சொல்லுங்கள்: சுட்ட காலித் தோட்டாவின் அடி விளிம்பில் கீறலோ கிழிசலோ இருக்கிறதா?

நாகலூர் காப்பித்தோட்டம்:

மிக்க நன்றி ஐயா. விளிம்பு சுத்தமாக இருக்கிறது, கிழிசல் எதுவும் இல்லை.

ஓய்வுபெற்ற ஆர்மரர், அஸ்தம்பட்டி:

நல்லது. கிழிந்திருந்தால் விளிம்பைப் பிடித்து இழுக்கும் பிடிகொக்கி தேய்ந்ததா, பேரலில் தோட்டா உட்காரும் அறையில் துருவா என்று பார்க்க வேண்டியிருந்திருக்கும். விளிம்பு சுத்தம் என்றால் பேரல் முழுதாக வரவில்லை என்ற பக்கம்தான் சாய்கிறது.

இப்போது பிரித்துப் பாருங்கள். மேகசினும் அறையும் காலி என்று கண்ணாலும் பார்த்து விரலாலும் தொட்டு உறுதி செய்யுங்கள். நீங்கள் உட்கார்ந்து பிரிக்கும் இடத்தில் தோட்டாக்கள் இருக்கவே வேண்டாம், வீட்டில் வேறு அறையில் பூட்டி வைத்துவிட்டு வாருங்கள். இதை ஒருமுறைக்கு இருமுறை சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பூட்டுங்கள். பேரலைக் கொஞ்சம் பின்னால் அழுத்திப் பிடித்தபடியே முன்னால் இருக்கும் மூடியைத் திருகி எடுங்கள். ஸ்பிரிங் இறுக்கத்தில் இருக்கிறது, அழுத்தாமல் மூடியைக் கழற்றினால் பேரல் முன்னால் துள்ளும். அப்புறம் முன்கட்டையை மெதுவாக முன்னால் இழுத்து எடுங்கள், பேரல் வந்துவிடும். வளையங்களைத் தொடுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்கட்டையை மட்டும் கழற்ற வேண்டாம். அதன் ஸ்குரூக்களின் வாய் மிக மெல்லியது, சாதாரண திருப்புளி போட்டால் வாய் உருண்டுபோகும். பின்கட்டைக்குள் போல்ட்டைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங் இருக்கிறது. அது கடையில் செய்ய வேண்டிய வேலை.

கொண்டலாம்பட்டி 70:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். புதுத் தோட்டா என்கிறீர்களே, அதன் நீளம் பார்த்தீர்களா? பழைய துப்பாக்கிகளில் அறை 65 மில்லிமீட்டர் உள்ளவையும் உண்டு. இப்போது கிடைப்பதில் பெரும்பாலானவை 70. பெட்டியில் போட்டிருக்கும் நீளம் சுட்டு விரிந்த பிறகு வரும் நீளம். சுடுவதற்கு முன் தோட்டாவின் வாய் மடங்கியிருப்பதால் குறுகிய அறையிலும் உள்ளே போய்விடும், ஆனால் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். பேரலின் முத்திரைகளுக்கு நடுவே 70 என்றோ 65 என்றோ எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் தெரியவில்லை என்றால் கடையில் அறையை அளக்கச் சொல்லுங்கள், அதுவரை சுட வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆர்மரர், அஸ்தம்பட்டி:

முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. நன்றி தம்பி.

நாகலூர் காப்பித்தோட்டம்:

பேரலில் 70 என்று தெளிவாக இருக்கிறது.

பிரித்தும் பார்த்துவிட்டேன். ஐயா சொன்னபடியேதான்: எஃகு வளையம் முன்னால், சாய்வு வெண்கலத்தைப் பார்த்தபடி. மேகசின் குழாய் முழுக்க மஞ்சள் கிரீஸ் தூசியோடு சேர்ந்து பிசினாக ஒட்டியிருக்கிறது. நகத்தால் கீறினால் சுருள் சுருளாக வருகிறது. அதற்கடியில் இரண்டு இடங்களில் சிவப்பாகத் துரு. மண்ணெண்ணெய் போடலாமா? துருவுக்கு உப்புத்தாள் தேய்க்கலாமா?

ஓய்வுபெற்ற ஆர்மரர், அஸ்தம்பட்டி:

மண்ணெண்ணெய் துணியில் நனைத்துத் துடைக்கலாம், ஊற்ற வேண்டாம். கட்டையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது, குழாய் சொரசொரப்பானால் உராய்வு மாறிவிடும். மிக நைசான ஸ்டீல் உல்லில் (இரும்பு இழைப் பஞ்சில்) ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, துரு இருக்கும் இடத்தில் மட்டும் மெதுவாகத் தேயுங்கள். நிறம் போனால் போகட்டும், பள்ளம் விழாமல் இருந்தால் போதும். வெண்கலத் துண்டின் உள்பக்கத்தையும் துடையுங்கள், கிரீஸ் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

எல்லாம் சுத்தமான பிறகு குழாயில் மெல்லிய எண்ணெய் ஒரு பூச்சு, உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். துடைத்தது போக ஒட்டியிருப்பது போதும். எண்ணெய் அதிகமானால் வெண்கலம் வழுக்கும், பிடி குறையும், பேரல் வேகமாக வந்து மோதும், தோளில் உதை தெரியும். சுத்தமாகக் காய்ந்திருந்தாலோ பிடி கூடிவிடும். இந்தத் துப்பாக்கியைப் பொறுத்தவரை ‘நிறைய எண்ணெய் விடு’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எல்லாவற்றையும் திரும்பப் பொருத்திய பிறகு, காலி என்று மறுபடி உறுதி செய்துகொண்டு, போல்ட்டை மூடி, மடித்த சாக்கின் மேல் பேரலின் வாயை ஊன்றி நேராகக் கீழே அழுத்துங்கள். முகமும் விரலும் ஓரமாக இருக்கட்டும். பேரல் தடங்கலில்லாமல் கடைசிவரை உள்ளே போக வேண்டும். கையை விட்டால் சட்டென்று வெளியே வந்து, போல்ட் பின்னாலேயே நிற்க வேண்டும். பேரல் சோம்பலாக வந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. பிறகு பட்டனை அழுத்தினால் போல்ட் ஓசையோடு மூட வேண்டும். அங்கே விரல் வைத்தால் நகம் போய்விடும்.

செம்மநத்தம்:

மலையில் இருப்பவர் என்பதால் ஒரு வார்த்தை. துப்பாக்கியை உறையில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். தோல் உறையும் துணி உறையும் பனிக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி இரும்பிலேயே திருப்பிக் கொடுக்கும். திறந்த இரும்புப் பெட்டியில் நிறுத்தி, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்டு, அதை அவ்வப்போது காயவைத்து மாற்றுங்கள். ஏற்காட்டுக் குளிரிலிருந்து சேலம் வெயிலுக்கு இறங்கிய உடனே பெட்டியைத் திறந்தால் குளிர்ந்த இரும்பின்மேல் முத்துமுத்தாக வேர்த்துவிடும். கொஞ்ச நேரம் மூடியே வைத்திருந்து, பெட்டி சூடு ஏறிய பிறகு திறந்து துடையுங்கள்.

தாத்தா காலத்து எஸ்.ஜி. தோட்டாக்கள் காகிதக் கூடா? ஈரத்தில் ஊதியிருக்கும். சுட வேண்டாம். லைசென்ஸோடு கடையில் கொடுத்துவிடுங்கள்.

மிளகுக்கொடி:

ஸ்பிரிங் பற்றி நான் கேள்விப்பட்டது தவறு என்று புரிந்தது. விளக்கியதற்கு நன்றி ஐயா.

நாகலூர் காப்பித்தோட்டம்:

எல்லோருக்கும் நல்ல செய்தி. குழாயைத் துடைத்து, வளையத்தைப் பின்னால் மாற்றிப் போட்டேன். சாக்கில் ஊன்றிப் பார்த்ததில் பேரல் கடைசிவரை போய் சட்டென்று திரும்பியது. பயிற்சித் தளத்தில் அதே 28 கிராம் தோட்டா ஒவ்வொன்றும் வலப்பக்கம் பாய்ந்து விழுந்தது. பார்த்தபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, தாத்தா சுடும்போது கேட்ட அதே சத்தம். பழைய தோட்டாக்கள் காகிதக் கூடுதான், தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். முன்கட்டையின் உள்பக்கம் துடைக்கும்போது மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. மர ரேகையா, விரிசலா தெரியவில்லை.

ஓய்வுபெற்ற ஆர்மரர், அஸ்தம்பட்டி:

ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்தக் கோட்டின்மேல் ஒரு துளி மெல்லிய எண்ணெய் தொட்டு உடனே துடையுங்கள். எண்ணெய் உள்ளே இறங்கிக் கறுப்புக் கோடாக நின்றால் விரிசல். அது முடியும் இடத்தில் பென்சிலால் குறி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு அதைக் கடையில் காட்டாமல் ஒரு தோட்டாகூடச் சுட வேண்டாம். ஒட்டுவது நீங்களே செய்ய வேண்டிய வேலையல்ல. ஆயுதம் பழுதுபார்க்கத் தனி உரிமம் வேண்டும் என்பது சட்டம், அதனால் தெரிந்த தச்சரிடமும் கொடுக்காதீர்கள். உரிமமுள்ள கடையில் கட்டையை உள்பக்கமாக ஒட்டி இறுக்கித் தருவார்கள்.

இனிமேல் கனமான தோட்டா வாங்கினால் வளையத்தை முன்னால் மாற்றாமல் சுடக் கூடாது. இப்போது இருக்கும் அமைப்பில் அதைச் சுட்டால் அந்தக் கோடு ஒரே நாளில் பிளவாகிவிடும்.

நாகலூர் காப்பித்தோட்டம்:

எண்ணெய் கறுப்பாக நின்றது ஐயா, விரிசல்தான். கட்டைவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை, குறி போட்டுவிட்டேன். திங்கட்கிழமை லைசென்ஸ் அசலோடு, பிரித்துப் பெட்டியில் வைத்து, சொந்த வண்டியில் கீழே கொண்டுபோகிறேன். பின்கட்டை ஸ்பிரிங்கையும் அப்போதே சுத்தம் செய்யச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆர்மரர், அஸ்தம்பட்டி:

சரி. கொடுக்கும்போது கடையில் ரசீது கேட்டு வாங்குங்கள், அதில் துப்பாக்கி எண் இருக்கட்டும். திரும்ப வாங்கும்போது கிரீஸ் வேண்டாம், மெல்லிய எண்ணெய் போதும் என்று சொல்லிவிடுங்கள். வளையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அங்கேயே கழற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.